காலியாக விடக்கூடாத கட்டம்

மார்ச் 3

தம்பிக்கு,

நான்கு நாளில் பதினேழு முறை போன் செய்திருக்கிறாய். எடுக்க மாட்டேன். போனில் பேசினால் நீ அழுவாய். நீ அழுதால் நான் "சரி, விடுடா" என்று சொல்லிவிடுவேன். சின்ன வயதிலிருந்தே இதே கதைதான். இனி எதுவானாலும் எழுது. கையால் எழுது, தேதி போடு, கையெழுத்துப் போடு. எழுத்தில் இல்லாதது நடக்கவே இல்லை என்று இரண்டு வருடமாக எங்கள் எல்லோருக்கும் பாடம் எடுத்தவன் நீதானே.

நடந்ததை ஒரு முறை வரிசையாக எழுதிவிடுகிறேன். பிற்பாடு யாரும் "நான் அப்படி நினைக்கவில்லை" என்று பேச்சை மாற்றக்கூடாது.

நம் மொழி மையத்தின் ஆங்கிலத் திட்டத்துக்குத் தரச்சான்று வாங்கியே ஆக வேண்டும் என்றார்கள். கிடைக்காவிட்டால் திட்டத்தை மூடிவிட்டு, முதலாண்டுப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் ஏதாவது ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்துவிடும் என்றார்கள். அந்த வேலைக்கு நீ ஒருங்கிணைப்பாளர் ஆனாய். ஆசிரியர்கள் ஜோடி சேர்ந்து, வருடத்துக்கு ஒரு முறை ஒருவர் வகுப்பில் இன்னொருவர் உட்கார்ந்து பார்த்துப் படிவம் நிரப்ப வேண்டும் என்று ஒரு பழைய விதி உண்டு. ஒருவரும் செய்ததில்லை. ஒரு நாளைக்கு ஐந்து வகுப்பு எடுப்பவளுக்கு அடுத்தவர் வகுப்பில் போய் உட்கார ஏது நேரம்? தரச்சான்றுக் கமிட்டி வருகிறது என்றதும், மூன்று வருடத்துப் படிவங்களையும் ஒரே வாரத்தில் எல்லோரும் உட்கார்ந்து எழுதினோம். பழைய இயக்குநர் அக்காவையும் தம்பியையும் விளையாட்டாக ஒரு ஜோடியாகப் போட்டிருந்தார். உன்னுடைய மூன்றை நான் எழுதினேன். என்னுடைய மூன்றை நீ எழுதினாய்.

வகுப்புக்கு ஓடிக்கொண்டிருந்தவளை மாடிப்படியில் நிறுத்தி, நீ எழுதிய படிவங்களை நீட்டி, "அக்கா, இங்க, இங்க, அப்புறம் இங்க" என்று மூன்று இடத்தில் விரலை வைத்தாய். படிக்காமல் போட்டேன். தம்பி நீட்டுகிற தாளைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிற அக்கா எந்த ஊரில் இருக்கிறாள்?

'மேம்படுத்த வேண்டியவை' என்ற கட்டத்தில் நீ எழுதியிருந்தது: "மாணவர்களின் எழுத்துப் பயிற்சிகளைத் திருத்தித் தருவதில் மிகுந்த தாமதம்." மூன்று வருடமும் அதே வரி. ஒரு புள்ளிகூட மாறவில்லை. கமிட்டி சும்மா எடுத்துப் பார்த்த ஐந்து ஃபைல்களில் என்னுடையதும் ஒன்று. இப்போது என் கான்ட்ராக்ட் நீட்டிக்கப்படாது என்று தாள் வந்துவிட்டது. காரணம், அந்த வரி. பதினெட்டு வருடத்தில் ஒரு பிள்ளையின் தாளை நான் ஒரு வாரத்துக்கு மேல் கையில் வைத்திருந்தது கிடையாது. உனக்கு அது தெரியும்.

மேல்முறையீட்டுக்கு மார்ச் 31 கடைசி நாள். எனக்கு வேண்டியது ஒரே ஒரு பக்கம். நீ என் வகுப்பில் ஒரு நாளும் உட்காரவில்லை, மூன்று படிவமும் பார்க்காமல் எழுதியவை என்று மேல்முறையீட்டுக் குழுவுக்கு எழுதிக் கொடு. வேறு எதுவும் நான் உன்னிடம் கேட்கவில்லை.

மகள் வீட்டில்தான் இருக்கிறேன். விலாசம் பின்னால்.

அக்கா


மார்ச் 7

அன்புள்ள அக்காவுக்கு,

கையால் எழுதி எவ்வளவு நாளாயிற்று என்று பார், எல்லாம் கோழிக்கிறுக்கலாக வருகிறது. பொறுத்துக்கொள்.

நான் செய்தது தப்புதான். அதை மறைக்கவில்லை. எப்படி நடந்தது என்று மட்டும் கேள்.

அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்கே போக விடாது. "ஒன்றுமில்லை" என்று அடித்தேன். போதாது, விவரமாக எழுதவும் என்று சிவப்பில் வந்தது. குறையே இல்லாத ஆசிரியர் அந்தப் படிவத்தில் இருக்க முடியாது அக்கா. மற்ற எல்லோருக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்: முதல் வருடம் ஒரு குறை போடுங்கள், அடுத்த வருடம் அது சரியாகிவிட்டது என்று காட்டி வேறொரு சின்னக் குறை போடுங்கள் என்று. கமிட்டிக்கு அதுதான் பிடிக்கும்.

கமிட்டிக்கு அறிக்கை அனுப்ப வேண்டிய அன்று மதியம் இரண்டு மணி. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம் முடித்துவிட்டேன், சாப்பிடவில்லை. உன் மூன்று படிவம் மட்டும் பாக்கி. வீட்டு ஆள்தானே, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டிருந்தேன். எல்லா ஆசிரியர்களுக்கும் பொதுவாகச் சொல்கிற ஒரு குறையை முதல் படிவத்தில் அடித்து, மற்ற இரண்டிலும் அதையே ஒட்டினேன். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. வேறு யாருடைய படிவமாக இருந்தாலும் அப்படிச் செய்திருக்க மாட்டேன். சண்டைக்கு வருவார்கள் என்று பயந்திருப்பேன். நீ என்பதால்தான் பயமில்லாமல் போயிற்று.

நீ கேட்கிற கடிதத்தை இப்போது கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசி. ஒருவர் படிவம் பொய் என்றால் முப்பத்தொரு பேருடைய படிவமும் பொய். தரச்சான்று போகும், திட்டம் போகும். கண்ணாடி டீச்சர் இப்போதுதான் இரட்டைக் குழந்தை பெற்று வேலைக்குத் திரும்பியிருக்கிறாள். கீழ்த்தளத்து வாத்தியாருக்கு ஐம்பத்தாறு வயது, அவரை வெளியே யார் கூப்பிடுவார்கள்?

இயக்குநர் அம்மாவிடம் பேசினேன். "பேச்சுப் பயிற்சி உதவியாளர்" என்று ஒரு இடம் இருக்கிறதாம். அரை நேரம்தான். அதற்கு வகுப்புப் படிவம் தேவையில்லை. ஒரு வருடம் அதில் இரு. சான்று கைக்கு வந்த பிறகு நான் எல்லாவற்றையும் சரிசெய்கிறேன். சத்தியமாக.

அத்தானுக்கு என் வணக்கம் சொல்.

தம்பி


மார்ச் 12

தம்பிக்கு,

உன் வணக்கத்தை அத்தானிடம் சொன்னேன். "அதுக்கும் படிவம் அனுப்பியிருக்கானா?" என்று கேட்டார். அவர் இவ்வளவு பேசினதே இந்த மாதத்தில் இதுதான் முதல் தடவை.

உதவியாளர் வேலை. நான் பழக்கிவிட்ட சின்ன டீச்சர்கள் வகுப்பெடுப்பார்கள், நான் ஓரமாக நின்று தாள் விநியோகிக்க வேண்டும். இதைக் கொண்டுவந்து நீட்ட உனக்கு எப்படியடா மனசு வந்தது?

நீ பெரிய மனது பண்ணி இடம் பிடித்துத் தர வேண்டாம் என்று இங்கேயே ஒரு மொழிப் பள்ளியில் கேட்டுப் பார்த்தேன். மகளுக்குத் தெரிந்த இடம். அந்தத் தலைமை ஆசிரியை என்னை உட்கார வைத்து அரை மணி நேரம் பேசினார். என்னை ஒரு வகுப்பு எடுக்கச் சொன்னார், எடுத்தேன். முகம் மலர்ந்து "எப்பலேருந்து வர்றீங்க?" என்று கேட்டார். பிறகு, கடைசி மூன்று வருடத்து வகுப்புப் படிவங்களைக் கேட்டார். கொடுத்தேன். வேறு என்ன செய்ய, கொடுக்காவிட்டால் அதற்கும் ஒரு அர்த்தம் வந்துவிடும். மூன்றாம் தாளைப் புரட்டும்போது அவர் முகம் போன போக்கைப் பார்த்தேன். "நான் உங்களை நம்புறேங்க. என் கண்ணால பார்த்தேனே. ஆனா அடுத்த வருஷம் எங்களுக்கும் கமிட்டி வருது. அவங்க உங்களைப் பார்க்க மாட்டாங்க, ஃபைலைத்தான் பார்ப்பாங்க" என்றார். நல்ல பெண்மணி. வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

புரிகிறதா? வேலை போனது நம் மையத்தில் மட்டுமில்லை. அந்த வரி நான் போகிற இடத்துக்கெல்லாம் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இன்னொன்று. மேல்முறையீட்டுக்காக என் ஃபைலின் நகல் கேட்டிருந்தேன், நேற்று வந்தது. அதில் ஒரு கூட்டக் குறிப்பு இருக்கிறது. போன ஜூலை 14, இயக்குநர் அறை. இயக்குநர், ஒருங்கிணைப்பாளர், ஆசிரியை. "தாமதம் குறித்து ஆசிரியைக்குக் கனிவுடன் எடுத்துரைக்கப்பட்டது. ஆசிரியை ஏற்றுக்கொண்டார்." 'கனிவுடன்' என்று போட்டிருக்கிறாய். மையத்தில் வேறு யாரும் அப்படி எழுத மாட்டார்கள்.

ஜூலை 14 என் பிறந்தநாள். அன்று நாம் இருவரும் கேன்டீனில் சாப்பிட்டோம். என் தட்டிலிருந்த முட்டையை எடுத்து நீ தின்றாய். அதுதான் அந்தக் கூட்டமா? படிவம் அவசரத்தில் செய்தது, பசியில் செய்தது, சரி. இதை எப்போது செய்தாய்? கமிட்டி வந்த பிறகா? அப்படியானால் இது கவனக்குறைவு இல்லை. என் வேலையை எடுக்கத்தான் எழுதியது.

பதிலில் முட்டையைப் பற்றி எழுதாதே. இதைப் பற்றி மட்டும் எழுது.

அக்கா


மார்ச் 17

அக்கா,

ஆமாம். கமிட்டி வந்த இரண்டாம் நாள் எழுதினேன்.

நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் உயரமான ஒரு அம்மாள் உன் ஃபைலை வைத்துக்கொண்டு, "மூணு வருஷமா ஒரே குறை. இவங்க விஷயத்துல நீங்க என்ன நடவடிக்கை எடுத்தீங்க?" என்றார். இயக்குநர் அம்மா என்னைப் பார்த்தார். நான் மேசை மேலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தேன். அப்போதே, "அம்மா, அது நான் சும்மா எழுதினது" என்று சொல்லியிருக்கலாம். ஐந்து சொல். வாய் திறந்தேன், இருமல்தான் வந்தது. இயக்குநர் அம்மா நிதானமாக, "எச்சரிக்கை கொடுத்தாச்சு. இந்த வருஷத்தோட கான்ட்ராக்ட் முடியுது, நீட்டிக்கப் போறதில்லை" என்றார். அவர் அதற்கு முன்பு அப்படி நினைத்ததே இல்லை அக்கா. அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே முடிவு செய்தார். "ஆவணம் இருக்கா?" என்றார் அந்த அம்மாள். "காலைல தர்றோம்" என்றார் இவர். அந்த அம்மாள் திருப்தியாகத் தலையாட்டி ஏதோ குறித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் இயக்குநர் அம்மா என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "ஒருத்தரா முப்பது பேரா, நீங்களே முடிவு பண்ணிக்கோங்க." நான் முடிவு பண்ணிக்கொண்டேன். தேதி என்ற இடத்தில் கை தானாக உன் பிறந்தநாளை அடித்தது. யோசித்து அடிக்கவில்லை. வருடத்தில் எனக்கு நினைவிருக்கிற தேதிகள் நான்கைந்துதான்.

நீ கேட்ட கடிதத்தை நான்கு தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். வீட்டில் இவள் நான்காவதைப் படித்துவிட்டு, "கொடுத்துட்டு வாங்க, வர்றது வரட்டும்" என்கிறாள். கூட்டக் குறிப்பையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். கையெழுத்தும் போட்டுவிட்டேன். என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. 20ஆம் தேதி மேல்முறையீட்டுக் குழுவின் செயலர் ஊரிலிருந்து வருகிறார். அவர் கையிலேயே நேராகக் கொடுக்கிறேன்.

வேலை போனால் போகட்டும். தெருத்தெருவாக டியூஷன் எடுத்துப் பிழைத்துக்கொள்கிறேன்.

தம்பி


மார்ச் 21

தம்பிக்கு,

நேற்று இருபது. கொடுத்திருப்பாய். நேற்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. சாதத்தை அடிப்பிடிக்க விட்டேன், அத்தான் அதையே சாப்பிட்டார்.

உன்னை நிறையத் திட்டிவிட்டேன். திட்டியதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மீதி பாதி இருக்கட்டும், உனக்கு அது தேவை.

நான் கிளம்பும்போது ஒரு பை நிறையத் தாள் எடுத்து வந்திருந்தேன், கடைசி வகுப்பின் கட்டுரைகள், முப்பத்தைந்து. பஸ்ஸிலேயே பாதியைத் திருத்திவிட்டேன். மீதியை இங்கே வந்து இரண்டு நாளில் முடித்துப் பார்சல் அனுப்பியாயிற்று. வேலையை விட்டு நீக்கின பிறகு யாராவது தாள் திருத்துவார்களா என்று மகள் கேட்கிறாள். அந்தப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? ஒரு பையன் முதல் மாதம் பெயரைக்கூட ஆங்கிலத்தில் சொல்ல வாய் வராமல் நின்றான். இப்போது ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறான், பக்கத்து வீட்டு நாயைப் பற்றிப் புகார். அவ்வளவு கோபமாக எழுதியிருக்கிறான், நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

எனக்குத் திரும்பப் போக வேண்டும்டா. வேறு எதுவும் எனக்குச் செய்யத் தெரியாது. இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

மையம் மூடினால், மூடட்டும் என்று நான் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் மூடியே தீர வேண்டிய இடம் அது என்றும் நான் நம்பவில்லை. முப்பத்தொரு பேரும் நன்றாக வகுப்பெடுப்பவர்கள். ஒருவர் வகுப்பில் ஒருவர் உட்கார நேரம் கொடுத்திருந்தால் உண்மையான படிவமே எழுதியிருப்போம்.

செயலர் வாங்கிக்கொண்டதற்கு ரசீது கேட்டாயா? நகலை எனக்கு அனுப்பு.

அக்கா


மார்ச் 25

அக்கா,

கொடுக்கவில்லை.

இதை எழுதவே எனக்கு நான்கு நாள் ஆயிற்று. 20ஆம் தேதி காலை கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். செயலர் அறை மூன்றாம் மாடி. இரண்டாம் மாடியில் கூச்சல் கேட்டது. சான்று வந்துவிட்டது, ஒரு மாதம் முன்னதாகவே. ஐந்து வருடத்துக்கு. எல்லோரும் ஆசிரியர் அறையில் நின்றுகொண்டிருந்தார்கள், கீழ்த்தளத்து வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை தட்டினார்கள். கண்ணாடி டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "உங்களாலதான், எல்லாம் உங்களாலதான்" என்றாள். சட்டைப்பையில் அந்தக் காகிதம் இருக்கும்போதே.

சான்றோடு வந்த குறிப்பில் நம் மையத்தைப் பாராட்டி மூன்று விஷயம் எழுதியிருக்கிறார்கள். அதில் இரண்டாவது: "தொடர்ந்து காணப்பட்ட கற்பித்தல் குறைபாட்டின் மீது நிர்வாகம் உறுதியான நடவடிக்கை எடுத்துள்ளது." உன்னைத்தான் சொல்கிறார்கள். கொடுத்த ஆவணங்களில் எது தவறென்று பின்னால் தெரிந்தாலும் சான்று ரத்தாகும் என்றும் கீழே போட்டிருக்கிறது.

நான் மாடிப்படியில் ஏறவில்லை. கடிதத்தைக் கிழிக்கவும் இல்லை. அதற்கும் தைரியம் வேண்டும்.

என்னைத் திட்டு. பதில் எழுதாமல் மட்டும் இருக்காதே.

தம்பி


மார்ச் 28

தம்பிக்கு,

திட்டுவதற்கு உன் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். கடிதத்தில் திட்டினால் நீ அதையும் எங்கேயாவது ஃபைலில் சேர்த்துவிடுவாய்.

இரண்டு நாள் நன்றாக யோசித்தேன். நீ என் வகுப்பில் உட்காரவில்லை என்று என்னால் நிரூபிக்க முடியாது. நீ சொன்னால்தான் உண்டு. நீ சொல்லப் போவதில்லை. ஆனால் உன் வகுப்பில் நான் உட்காரவில்லை என்பது எனக்குத் தெரியும். அதை நான் சொல்லலாம் அல்லவா?

உன் மூன்று படிவத்தையும் நான் எப்படி எழுதினேன் என்று உனக்குத் தெரியாது. உன்னைப்போல ஒட்டவில்லை. வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, நீ வகுப்பு எடுத்தால் எப்படி எடுப்பாய் என்று ஒவ்வொரு வருடத்துக்கும் தனித்தனியாக யோசித்து எழுதினேன். கடைசி வரிசைப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான் என்று எழுதினேன். குறை என்ற இடத்தில், பிள்ளைகள் பதில் சொல்லும் முன் அவசரப்பட்டுத் தானே பதில் சொல்லிவிடுகிறான், இப்போது பொறுமை வந்திருக்கிறது என்று எழுதினேன். உன்னை நிரந்தரமாக்கிய கூட்டத்தில் அந்த மூன்று தாளைத்தான் வாசித்தார்களாம். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த நாளில் அது பொய் என்றே எனக்குத் தோன்றவில்லை. அதுதான் என் தப்பு, உன் தப்புக்குச் சற்றும் குறைந்ததில்லை.

இன்று காலை மேல்முறையீட்டுக் குழுவுக்குப் பதிவுத் தபால் அனுப்பிவிட்டேன். என் தம்பியின் வகுப்பை நான் ஒருபோதும் பார்த்ததில்லை, அவனைப் பற்றிய மூன்று படிவமும் நான் கற்பனையாக எழுதியவை, என்னைப் பற்றியவையும் அவ்விதமே எழுதப்பட்டவை, இருவரையும் அழைத்துக் கேளுங்கள் என்று எழுதியிருக்கிறேன். மற்றவர்களைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. இதனால் எனக்கு என்ன வரும் என்று தெரிந்தேதான் செய்கிறேன்.

உன்னைக் கூப்பிடுவார்கள். "உன் அக்கா வந்தாளா?" என்று கேட்பார்கள். "இல்லை" என்று சொல். நீயாக எழுதி, மாடியேறிப் போய்க் கொடுக்க வேண்டாம். கேட்கிற கேள்விக்கு ஒரு சொல்லில் பதில். அதையாவது செய்.

அக்கா


ஏப்ரல் 12

அக்கா,

முடிவு உனக்கு வந்திருக்கும். மேல்முறையீடு நிராகரிப்பு, பொய்யான வாக்குமூலம் கொடுத்ததாக ஃபைலில் ஒரு குறிப்பு. அது எப்படி வந்தது என்று என் வாயால் நீ கேட்க வேண்டும்.

மூன்று பேர். நடுவில் சட்டத்துறைப் பேராசிரியர். முதல் கேள்வியே அதுதான். "உங்க அக்கா உங்க வகுப்புக்கு வந்து உக்காந்தாங்களா, இல்லையா?" இயக்குநர் அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தார், என்னைப் பார்க்கவில்லை.

"வந்தாங்க" என்றேன்.

அதோடு முடியும் என்று நினைத்தேன். அந்தப் பேராசிரியர் விடவில்லை. "என்ன பாடம் நடத்தினீங்க அன்னிக்கு? ஞாபகம் இருக்கா?" என்றார். இதை நான் யோசித்தே வரவில்லை. வாய் மட்டும் பேச ஆரம்பித்தது.

பன்னிரண்டு வருடம் முன்பு, நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், உன் வகுப்பின் கடைசி பெஞ்சில் ஒரு தடவை உட்கார்ந்தேன். உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. என் வாழ்நாளில் இன்னொருவர் வகுப்பை முழுசாக உட்கார்ந்து பார்க்கப் போனது அந்த ஒரு தடவைதான். நீ ஒரு உடைந்த இஸ்திரிப் பெட்டியைப் பையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தாய். "நான் கடைக்காரி. இதை என்கிட்ட திருப்பிக் குடுங்க பார்ப்போம்" என்றாய். ஒவ்வொரு பிள்ளையாக வந்து, தெரிந்த ஆங்கிலத்தில் கெஞ்சின. நீ அசைந்து கொடுக்கவே இல்லை. பில் எங்கே என்றாய், முதலாளி ஊரில் இல்லை என்றாய், நீயே கீழே போட்டு உடைத்திருப்பாய் என்றாய். வகுப்பே எழுந்து நின்றுவிட்டது.

அதை என் வகுப்பு என்று சொன்னேன். பின்னால் உட்கார்ந்து நீ பார்த்தாய் என்றேன். எவ்வளவு விவரமாகச் சொன்னேன் தெரியுமா, இஸ்திரிப் பெட்டியின் ஒயர் நிறம்கூடச் சொன்னேன். அந்தப் பேராசிரியர் சிரித்துவிட்டார். "எனக்கு இப்படி ஒருத்தர் சொல்லிக் குடுத்திருந்தா நானும் ஒழுங்கா இங்கிலீஷ் பேசியிருப்பேன்" என்றார். அப்போதே உன் கேஸ் முடிந்துவிட்டது. இவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறவன் பொய் சொல்லுவானா என்று மூன்று பேர் முகத்திலும் எழுதியிருந்தது.

வீட்டுக்கு வந்து இவளிடம் சொன்னேன். அன்றிலிருந்து இவள் என்னோடு பேசுவதில்லை.

இன்னும் இருக்கிறது. இயக்குநர் அம்மாவுக்கு அந்தப் பாடம் ரொம்பப் பிடித்துவிட்டது. 24ஆம் தேதி முப்பது ஆசிரியர்களையும் உட்கார வைத்து நான் அதை நடத்திக்காட்ட வேண்டுமாம். தரச்சான்றின் ஆண்டறிக்கையில் 'சிறந்த நடைமுறை' என்று என் பெயரில் போகிறது. எழுத்தில் கேட்டிருக்கிறார், ஆரம்பம் முதல் முடிவு வரை.

அதன் முடிவு எனக்குத் தெரியாது அக்கா. வகுப்பு எழுந்து நின்ற நேரத்தில், வேலைக்கான தாளில் கையெழுத்துப் போட ஆபீஸிலிருந்து என்னை அழைத்துப் போய்விட்டார்கள். திரும்பி வந்தபோது மணி அடித்துவிட்டது.

உன்னிடம் கேட்க எனக்கு முகமில்லை. கேட்கவும் இல்லை. நடந்ததை எழுதினேன், அவ்வளவுதான்.

தம்பி


ஏப்ரல் 17

தம்பிக்கு,

இது மன்னிப்பு இல்லை. அப்படி நினைத்து உன் பெண்டாட்டியிடமோ வேறு யாரிடமோ போய்ச் சொல்லிக்கொண்டு திரியாதே. முப்பது ஆசிரியர்கள் பாதிப் பாடத்தைக் கற்றுக்கொண்டு போய் ஆயிரம் பிள்ளைகள் முன்னால் நிற்கக்கூடாது. அதற்காக எழுதுகிறேன். இதற்குப் பிறகு எனக்கு எழுதாதே. வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

இஸ்திரிப் பெட்டி உண்மையிலேயே உடைந்ததாக இருக்க வேண்டும். நல்லதை வைத்து உடைந்ததாக நடிக்கச் சொன்னால் பிள்ளைகளுக்குக் கோபம் வராது.

மேசைக்குப் பின்னால் நீ. ஒவ்வொருவராக வரட்டும். தப்பாகப் பேசினால் திருத்தாதே. நீ எவ்வளவு அநியாயமாகப் பேசுகிறாயோ அவ்வளவு நல்லது. முதல் பத்துப் பேர் பயந்து போய்விடுவார்கள். இருபத்தைந்து முப்பது நிமிடத்தில் யாராவது ஒரு பிள்ளைக்கு நிஜமாகவே கோபம் வரும். தான் பேசுவது ஆங்கிலம் என்பதே மறந்து போய்ப் பேசும். அதற்குத்தான் காத்திருக்க வேண்டும். நீ எழுந்து போனது அந்த இடத்தில்.

அதற்குப் பிறகு பல ஆசிரியர்கள் ஒரு ஜோக் அடித்து மணி அடிக்கும் வரை ஓட்டிவிடுவார்கள். அது கூடாது. கடைக்காரர் தோற்க வேண்டும். மேசையைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, அந்தப் பிள்ளையின் எதிரில் நிற்க வேண்டும். பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு, "இது உடைந்தது என்று தெரிந்தேதான் உனக்கு விற்றேன். தப்பு என்னுடையது" என்று ஆங்கிலத்தில், கடைசி வரிசைக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும். சிரிக்கக்கூடாது. தலை குனிந்துகொண்டு முணுமுணுக்கவும் கூடாது. வகுப்பு சட்டென்று அமைதியாகும். வாத்தியார் தப்பை ஒத்துக்கொண்டு அவர்கள் பார்த்ததே இருக்காது. அதன் பிறகு அந்தப் பிள்ளையை மேசைக்குப் பின்னால் உட்கார வை. மற்றவர்கள் தாமாகவே வந்து பேசுவார்கள்.

அந்த வரியை விட்டுவிட்டால் இது வெறும் கூத்து. அதைச் சொல்ல வராத ஆசிரியர் இந்தப் பாடத்தை எடுக்க வேண்டாம்.

24ஆம் தேதிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. கண்ணாடி முன்னால் நின்று நாலைந்து தடவை சொல்லிப் பழகிக்கொள்.

அக்கா